22 மாத எலிக்குக் கத்தி வைக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 22 மாதம் ஆன பெண் எலி. ஏழு வாரத்துக்கு முன் இடது முன்னங்காலுக்கு அடியில் பட்டாணி போல் தட்டுப்பட்ட கட்டி இன்று எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள், கூண்டுத் தோழியோடு விளையாடுகிறாள், ஆனால் இரவில் மூச்சில் கரகரவென்று ஒரு சத்தம். "எடுத்துவிடலாம், ஆனால் மேசையிலேயே போய்விடவும் வாய்ப்பு இருக்கிறது, முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். அறுவைச் சிகிச்சை செய்யலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற கேள்வி கடைசி வரியில் இருக்கிறது: செய்து அவள் இறந்தால் நானே கொன்றதாகிவிடுமா, செய்யாமல் விட்டால் கைவிட்டதாகிவிடுமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். பதினாறு ஆண்டுகளாக முயல், கினிப் பன்றி, எலி போன்ற சிறு பிராணிகளைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். எலிகளுக்கு வந்த கட்டிகளை நிறைய எடுத்திருக்கிறேன். எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். ஆனால் உங்கள் எலியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அவள் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கவில்லை. ஆகவே பொதுவாக உறுதியாகச் சொல்லக்கூடியது எது, கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பது எது என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் கட்டி. பெண் எலிக்குப் பன்னிரண்டு முலைக்காம்புகள். பால் சுரப்பித் திசு நாம் நினைப்பது போல் வயிற்றோடு நிற்பதில்லை; கழுத்துக்குக் கீழே தொடங்கி அக்குள், விலா, தொடையிடுக்கு வரை பரவிக் கிடக்கிறது. அதனால்தான் பால் சுரப்பிக் கட்டி எலிக்குத் தாடைக்குக் கீழேகூட வரும். அக்குளில் வருவது மிகச் சாதாரணம். பெண் எலிகளுக்கு வரும் பால் சுரப்பிக் கட்டிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது ஃபைப்ரோஅடினோமா என்கிற சாதுவான வகை. அது ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போவதில்லை. இது நல்ல செய்தி. ஆனால் 'சாது' என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது, ஏனென்றால் அது வளர்வதை நிறுத்துவதில்லை. எலியின் உடம்பைவிடப் பெரிதாக வளர்ந்த சாதுக் கட்டிகளும் உண்டு. அது பரவிக் கொல்வதில்லை. பாரத்தால் நடக்கவிடாமல் செய்து, உடம்பின் ஊட்டத்தை உறிஞ்சி, கடைசியில் தோல் வெடித்துப் புண்ணாகிக் கொல்கிறது.

உங்கள் எலியின் கட்டியும் இந்த வகைதானா? வயது, இடம், வளர்ந்த வேகம் மூன்றையும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது வேறு, தெரிவது வேறு. கடித்த காயத்தில் சீழ் கோத்த கட்டியும் இதே இடத்தில் வரும். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அதற்கு அறுவை அரங்கமே தேவையில்லை. இதை உங்கள் மருத்துவர் செய்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யாவிட்டால் அதைத்தான் முதலில் கேளுங்கள். வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: கட்டியை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து அசைத்தால், தோலுக்கு அடியில் தனியாக வழுக்கிக்கொண்டு நகர்கிறதா, இல்லை கீழே தசையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறதா? நகர்ந்தால் எடுப்பது எளிது, சாதுவாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். ஒட்டிக்கொண்டிருந்தால் நான் தயங்குவேன். காதுக்கு அடியில் வரும் கட்டி முற்றிலும் வேறு கதை. அங்கே உள்ள சைம்பல் சுரப்பியில் வருவது பெரும்பாலும் கெட்ட கட்டி, வேர் விட்டு எலும்பு வரை போகும். அதை நான் அறுப்பதே அரிது. உங்களுடையது அது இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன்.

இனி ஆபத்து. "மேசையிலேயே போய்விடலாம்" என்று சொல்வது சரிதான், ஆனால் எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லாமல் விட்டால் பயம் மட்டும் மிஞ்சும். பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடை மருத்துவமனைகளில் 2002 முதல் 2004 வரை மயக்கம் கொடுத்த பிராணிகளைக் கணக்கெடுத்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மயக்கத்தோடு தொடர்புடைய சாவு நாய்களில் நூற்றுக்குச் சுமார் 0.17, பூனைகளில் 0.24, முயல்களில் 1.39, எலிகளில் 2 என்று வந்தது. அதாவது நூறு எலிகளில் ஏறக்குறைய தொண்ணூற்றெட்டு எலிகள் பிழைத்தன. நாயோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கு மேல் ஆபத்து. ஆனாலும் பெரும்பாலான எலிகள் எழுந்து வந்துவிட்டன. ஆனால் அந்த நூற்றில் இளசும் கிழடும், திடமானதும் நோய்ப்பட்டதும் எல்லாம் கலந்திருக்கின்றன. மூச்சில் சத்தம் உள்ள 22 மாத எலிக்கு ஆபத்து இரண்டைவிட அதிகம் என்பது உறுதி. எவ்வளவு அதிகம் என்று ஓர் எண்ணைச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போகும், மீதிப் பாதியை வைத்து உருப்படியாக ஏதாவது செய்யலாம். ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலியின் உடம்பில் கிலோவுக்கு 64 மில்லி என்கிற அளவில் ரத்தம் இருக்கிறது. உங்கள் எலி 300 கிராம் என்றால் மொத்தமே 19 மில்லி சொச்சம். இரண்டு மில்லி போனால் தாங்குவாள். ஐந்து மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி போனால், உடம்பில் உள்ளதில் கால் பங்கு போய்விட்டது. அது உயிருக்கே ஆபத்து. கட்டி பட்டாணி அளவில் இருந்தபோது அதற்குப் போகும் ரத்தக் குழாய் நூல் போல இருந்திருக்கும். வளர வளர அந்தக் குழாய்களும் தடிக்கின்றன, எண்ணிக்கையும் கூடுகிறது, அகற்ற வேண்டிய தோலும் அதிகமாகிறது. "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அறுவையைக் கடினமாக்குகிறது என்பதை நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். நீங்கள் ஏழு வாரம் பொறுத்ததற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. பெரும்பாலானோர் அப்படித்தான் வருகிறார்கள்.

அடுத்தது உடல் சூடு. சிறிய உடம்பு, மயக்கத்தில் கிடக்கும்போது அடுப்பிலிருந்து இறக்கிய சின்னக் கிண்ணம் போல் சட்டென்று ஆறிவிடும். வயிற்றில் முடி மழித்து, மருந்து நீரால் துடைத்து, திறந்து வைத்தால் இன்னும் வேகமாக. என் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பெண் எலிக்குக் கட்டி எடுத்தேன். நாற்பது நிமிடம், ரத்தம் துளிகூட வீணாகவில்லை, தையல் கச்சிதம். கண் விழித்தாள், பெட்டியில் படுக்க வைத்துவிட்டு அடுத்த பிராணியைப் பார்க்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து தொட்டபோது பாதங்கள் சில்லிட்டிருந்தன. காப்பாற்ற முடியவில்லை. கத்தி அவளைக் கொல்லவில்லை. சூடாக வைத்துப் பார்த்துக்கொள்ளாத நான்தான் காரணம். மேலே சொன்ன அந்த ஆய்விலும் நாய், பூனை, முயல் மூன்றிலும் அதிகச் சாவு நடந்தது அறுவை முடிந்த பிறகுதான். ஆகவே "எப்படி அறுப்பீர்கள்" என்று கேட்பதைவிட "முடிந்த பிறகு முதல் மூன்று நான்கு மணி நேரம் யார் பக்கத்தில் இருப்பார்கள்" என்று கேட்பது முக்கியம்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கட்டியைவிடப் பெரிய கவலை அந்த மூச்சுச் சத்தம்தான். வளர்ப்பு எலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி குட்டியிலிருந்தே குடியிருக்கிறது. இளம் வயதில் அடங்கிக் கிடக்கும். வயதாகும்போதோ உடம்பு தளரும்போதோ நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி; வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் நிலைமை கைமீறிப் போகிறது என்று பொருள். இப்படிப்பட்ட நுரையீரலோடு மயக்க வாயுவைக் கொடுக்கும்போதுதான் 'மேசையிலேயே போவது' நடக்கிறது. அதனால் மூச்சில் சத்தம் உள்ள எலியை, ரத்தப்போக்கு போன்ற அவசரம் இல்லாத வரை, நான் நேராக மேசைக்குக் கொண்டுபோக மாட்டேன். எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பேன். இரண்டு மூன்று வாரம் டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்து, சத்தம் அடங்குகிறதா என்று கவனிப்பேன். கிருமி முழுக்க ஒழியாது, ஆனால் பல எலிகளில் நிலைமை தேறும். அந்த மூன்று வாரத்தில் கட்டி வளரத்தான் செய்யும். இரண்டு கெடுதல்களில் எது குறைவு என்கிற கணக்கு இது. என் அனுபவத்தில் தேறிய நுரையீரலும் கொஞ்சம் பெரிய கட்டியும் இருப்பது, சிறிய கட்டியும் கெட்ட நுரையீரலும் இருப்பதைவிட மேல். கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம். அது கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. ஆனால் அது கூடினால் எலிக்கு ஏதோ சரியில்லை என்று பொருள். அந்த நாட்களைக் குறித்து வையுங்கள்.

வயதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எலியின் ஆயுள் பொதுவாக இரண்டிலிருந்து மூன்று ஆண்டு. 22 மாதம் என்பது முதுமைதான், ஆனால் வயதைக் காரணம் காட்டி மட்டும் நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. 25 மாதத்தில் துள்ளிக் குதித்த எலிக்கு அறுவை செய்து, அது எழுந்த சில மணி நேரத்தில் முகம் கழுவ ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டி, எலியின் மொத்த எடையில் கால் பங்குக்கு மேல் இருந்தது. பாரம் போனதும் நடை மாறியது. அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தது. ஐந்து மாதம் எலிக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இரண்டரை ஆண்டு ஆயுளில் ஒரு மாதம் என்றால், எழுபத்தைந்து வயது வாழும் மனிதருக்கு இரண்டரை ஆண்டு. "எப்படியும் சாகப்போகிற எலிதானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வயதைவிட நான் பார்ப்பது வேறு இரண்டு. ஒன்று எடை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: கட்டி வளரும்போது தராசில் எண் குறையாது, ஏன், கூடக்கூடச் செய்யும். உள்ளே எலி இளைத்துக்கொண்டிருக்கும். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக, கூர்மையாகத் தட்டுப்பட்டால் தசை கரைந்துவிட்டது என்று பொருள், தராசு என்ன சொன்னாலும் சரி. இன்னொன்று, அவள் தீனியை எப்படிப் பிடிக்கிறாள் என்பது. வயதான பெண் எலிகளில் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் கட்டி வருவது சாதாரணம். முன்னங்கைகளால் உணவைப் பிடித்துக் கடிக்க முடியாமல் தடுமாறுவது, கைகள் விறைத்து முன்னால் நீட்டிக்கொள்வது, தலை சாய்வது, வட்டமாகச் சுற்றுவது எல்லாம் அதன் அறிகுறி. அது இருந்தால் அக்குள் கட்டியை எடுத்து ஒரு பயனும் இல்லை. மயக்கத்தின் தொல்லையை மட்டும் அவளுக்குக் கொடுத்ததாகும். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சாப்பிடுகிறாள் என்றும் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

எடுத்தால் தீர்ந்துவிடுமா? இங்கே உண்மையைச் சொல்லியாக வேண்டும். எடுத்த கட்டி அதே இடத்தில் மறுபடி வருவது குறைவு. ஆனால் பால் சுரப்பித் திசு உடம்பு முழுக்க இருக்கிறது, அதைத் தூண்டும் ஹார்மோன்களும் இருக்கின்றன, ஆகவே வேறோர் இடத்தில் புதுக் கட்டி வரலாம். என்னிடம் வந்தவற்றில் பல எலிகளுக்கு வந்திருக்கிறது. சிறு வயதிலேயே கருப்பையும் சினைப்பையும் எடுத்துவிட்டால் இந்தக் கட்டிகள் வெகுவாகக் குறைகின்றன. அதில் சந்தேகம் இல்லை. 22 மாதத்தில் அதைச் சேர்த்துச் செய்தால் எந்த அளவுக்கு உதவும் என்பது சந்தேகம். வயிற்றைத் திறக்க வேண்டும், மயக்க நேரமும் கூடும். உங்கள் எலிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். பிரசவத் துவாரத்திலிருந்து ரத்தம் வருகிற எலிகள் மட்டும் விதிவிலக்கு. எலிக்கு மாதவிலக்கு கிடையாது, அங்கே ரத்தம் தெரிந்தால் கருப்பையில் கோளாறு, அது அவசரம்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சில வாரங்கள், சில சமயம் இரண்டு மூன்று மாதம், அவள் இப்போது போலவே இருக்கக்கூடும். கட்டி முன்னங்கால் பக்கம் இருப்பதால் முதலில் ஏறுவது கஷ்டமாகும், பிறகு நடப்பது, பிறகு உடம்பைத் திருப்பி நக்கிச் சுத்தம் செய்வது. அடுத்து, தரையில் உரசும் இடத்தில் தோல் சிவந்து, முடி உதிர்ந்து, ஒருநாள் விரிசல் விடும். அந்த விரிசல் பெரும்பாலும் ஆறுவதில்லை. இதற்கிடையில் அவளுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. கூண்டை ஒரே தளமாக்கி, மெத்தென்ற துணி விரித்து, தண்ணீரையும் தீனியையும் எட்டும் உயரத்தில் வைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்து கொடுக்கலாம். கேபர்கோலின் என்கிற மாத்திரை கட்டியைச் சுருக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பிட்யூட்டரி கட்டியில் சில எலிகளுக்கு அது நல்ல பலன் தந்திருக்கிறது. ஃபைப்ரோஅடினோமாவுக்கு அதை நம்பி அறுவையைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பயப்படும் 'மேசை மரணம்' யாருக்கு நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். வாயு நிறைந்த பெட்டியில் ஓரிரு நிமிடத்தில் எலி தூங்கிவிடுகிறது. அந்தத் தூக்கத்தில் மூச்சு நின்றால் அவளுக்கு வலியும் தெரியாது, பயமும் தெரியாது. வேறு வழியே இல்லாதபோது நாங்கள் கருணையோடு உயிரை முடித்துவைக்கும் முறையும் ஏறக்குறைய அதுவேதான்: முதலில் வாயுவால் ஆழ்ந்த தூக்கம், பிறகு ஊசி. மேசையில் இறப்பது உங்களுக்குத் தாங்க முடியாத இழப்பு. அவளுக்கு வரக்கூடிய முடிவுகளிலேயே அதுதான் மிக மென்மையானது. அவளுக்குக் கெட்டது வேறு இரண்டு. ஒன்று, பிழைத்து எழுந்தும் காயம் ஆறாமல், மூச்சுத் திணறலோடு, வலி மருந்து போதாமல் கிடக்கும் நாட்கள். இன்னொன்று, யாரும் முடிவெடுக்காமல் புண்ணான கட்டியை இழுத்துக்கொண்டு நகரும் நாட்கள். எதிலே அவள் உயிரோடு இருந்துகொண்டே துன்பப்படுவாள் என்று பாருங்கள். தேர்வு அதை வைத்துத்தான். இதைச் சொன்னபோது ஒரு பெண்மணி என் முன்னாலேயே அழுதார், பிறகு, "அப்படியானால் நான் இத்தனை நாளும் எனக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன்" என்றார். அப்படிப் பயப்படுவது தவறில்லை, அன்பு இருப்பதால்தான் அந்தப் பயம். ஆனால் முடிவை அதன் கையில் கொடுக்கக் கூடாது.

என் எலியாக இருந்தால் என்ன செய்வேன்? ஊசிச் சோதனையில் சீழ் இல்லை, கட்டி அசைகிறது, முதுகில் தசை இருக்கிறது, கையால் தீனியைச் சரியாகப் பிடிக்கிறாள், மருந்துக்குப் பிறகு மூச்சு தேறியது, எக்ஸ்ரேயில் நுரையீரல் பெரும்பகுதி தெளிவாக இருக்கிறது என்றால், தாமதிக்காமல் எடுத்துவிடுவேன். மூன்று வாரம் மருந்து கொடுத்தும் சத்தம் அடங்கவில்லை, விலா உள்ளே இழுத்து மூச்சு வாங்குகிறாள் என்றால் கத்தியைத் தொட மாட்டேன். அவளுக்கு மிச்சமிருக்கும் வாரங்களைச் சௌகரியமாக்குவதில் முழு மூச்சாக இறங்குவேன். அது கைவிடுவது ஆகாது. என்னிடம் வந்த ஓர் எலியின் வீட்டார் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். ஒன்பது வாரம் அது அவர்கள் மடியிலேயே வாழ்ந்தது. தோல் சிவந்த அன்றைக்கே, புண்ணாவதற்கு முன், கொண்டுவந்து மடியில் வைத்தபடியே விடை கொடுத்தார்கள். செலவைப் பற்றி நீங்கள் வெட்கத்தோடு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன் வாங்கி ஐம்பதுக்கு ஐம்பது அறுவையைச் செய்வதைவிட, கையில் இருப்பதைக்கொண்டு வலி மருந்தும் நல்ல முடிவும் கொடுப்பது எந்த வகையிலும் குறைந்த அன்பு இல்லை.

செய்வது என்று முடிவானால் மருத்துவரிடம் சில விஷயங்களைத் தயங்காமல் பேசுங்கள். எலிகளுக்கு அடிக்கடி அறுவை செய்பவரா என்று கேளுங்கள். இல்லை என்றால் செய்பவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நாய், பூனைக்குச் சொல்வது போல் இரவெல்லாம் பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். எலியால் வாந்தி எடுக்கவே முடியாது, ஆகவே அந்தப் பட்டினி தேவையில்லை; சிறிய உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் அது ஆபத்தும்கூட. ஐசோஃப்ளூரேன் போன்ற வாயு மயக்கமா, அடியில் வெப்ப விரிப்பு உண்டா, கத்தி வைக்கும் முன்பே வலி மருந்து கொடுப்பார்களா, தையல் தோலுக்கு உள்ளே மறைந்திருக்குமா என்பவையும் முக்கியம். வெளியே நூல் தெரிந்தால் எலி அன்றிரவே பிரித்துவிடும். காயத்தைக் கடிக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினால் பெரும்பாலான எலிகள் தவித்துப்போகின்றன. புப்ரெனார்ஃபின் என்கிற வலி மருந்து கொடுத்தால் சில எலிகள் கூண்டில் கிடப்பதையெல்லாம் தின்னும், ஆகவே மரத்தூள், துகள் எதுவும் வேண்டாம், வெறும் துணி அல்லது காகிதத் துண்டு போதும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் முகத்தைக் கவனியுங்கள். எலியின் வலியை முகத்தில் படிக்க 2011இலேயே ஒரு முறை வகுத்திருக்கிறார்கள்: கண் இடுங்கியிருப்பது, மூக்கும் கன்னமும் தட்டையாகத் தெரிவது, காது சுருண்டு விலகியிருப்பது, மீசை விறைத்து நிற்பது. இவை தெரிந்தால் வலி மருந்து போதவில்லை. விடியும் வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். தோழியை ஓரிரு நாள் தனியே வைத்தாலும், கம்பிக்கு அப்பால் மணமும் சத்தமும் எட்டும் தூரத்தில் வையுங்கள். எலி தனிமையில் சாப்பாட்டை விட்டுவிடக்கூடும்.

கடைசியாக ஒன்றை அறுவைக்கு முந்தைய நாளே முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். திறந்து பார்த்தபோது கட்டி தசைக்குள் வேர் விட்டிருக்கிறது, முழுதாக எடுக்க முடியாது என்று தெரிந்தால் அவளை எழுப்ப வேண்டுமா, இல்லை தூக்கத்திலேயே விட்டுவிட வேண்டுமா? அந்த நேரத்தில் தொலைபேசியில் ஐந்து நிமிடத்துக்குள் இதற்குப் பதில் சொல்வது மிகக் கொடுமை, பலரும் குழம்பி "எப்படியாவது எழுப்புங்கள்" என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில், அவள் உங்கள் தோளில் உட்கார்ந்திருக்கும்போது எழுதுங்கள். அதற்கு முன், இன்றிரவே, தராசில் எடையைப் பார்த்து, முதுகில் விரலை ஓட்டி, மூச்சுச் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். அந்த மூன்றையும் மருத்துவரிடம் காட்டினால், இங்கே நான் ஊகமாகச் சொன்னவற்றில் பலவற்றை அவர் உறுதியாகவே சொல்லிவிடுவார்.